அந்த ஒரு "ஆமாண்ணே"

அண்ணன் கேட்டது ஒரே கேள்விதான். "ஓடும்போது வண்டி மூக்கு கீழே உட்கார்ந்துதானே தம்பி இருக்கும்?" நான் "ஆமாண்ணே" என்றேன். பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் முழு உண்மை இல்லை என்பது அதைச் சொல்லும்போதே எனக்குத் தெரியும்.

வண்டி, நேர்கோட்டு ரேஸில் அண்ணன் ஓட்டும் 1967 கமாரோ கார். சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மெண்டில் நான் குறை வைக்கவில்லை, இதை இன்றைக்கும் சொல்வேன். அவர் எடைக்குச் சீட்டில் மணல் மூட்டை வைத்து, டயர் காற்றைச் சரிபார்த்து, அப்புறம்தான் கேஜைத் தொட்டேன். அந்தக் காலத்து டயருக்குக் கம்பெனி கொடுத்த காஸ்டர், அதாவது சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு, ரொம்பக் குறைவு. கால் மைல் தூரம் நேராகப் பறக்க வேண்டிய வண்டிக்கு அது போதாது. சக்கரத்தை மேலே பிடித்திருக்கும் அப்பர் ஆர்ம் ஏற்கெனவே மாற்றியிருந்தது. அதன் முன் போல்ட்டில் இருக்கும் ஷிம் என்ற மெல்லிய தகட்டை எடுத்துப் பின் போல்ட்டில் போட்டால் ஆர்மின் முனையில் இருக்கும் மேல் பால் ஜாயிண்ட் பின்னால் நகர்ந்து காஸ்டர் ஏறும். அப்படி மாற்றி மாற்றிப் போட்டு இரண்டு பக்கமும் 5 டிகிரிக்குக் கொண்டுவந்தேன். கேம்பர், அதாவது சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு, பூஜ்யம். டோ-இன், அதாவது இரண்டு சக்கரமும் முன்பக்கம் உள்நோக்கி இருப்பது, மொத்தம் 3 மி.மீ.

அதோடு விட்டிருக்கலாம். மனசு கேட்காமல் முன்பக்கச் சட்டமான சப்ஃபிரேமுக்கு அடியில் ஜாக் கொடுத்து முன்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, டயரில் கீறியிருந்த கோட்டுக்குக் கோடு டேப் பிடித்துப் பார்த்தேன். 75 மி.மீ. தூக்கியதும் டோ-இன் போய், சக்கரங்கள் வெளிநோக்கித் திரும்பி 6 மி.மீ. டோ-அவுட் காட்டியது. தப்பாகப் பிடித்துவிட்டேனோ என்று மறுபடி பிடித்தேன், அதே 6. சக்கரத்தைத் திருப்பும் டை ராட் ஒரு வளைவில் இறங்குகிறது, சக்கரத்தைத் தாங்கும் கண்ட்ரோல் ஆர்ம் வேறு வளைவில் இறங்குகிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஸ்டீயரிங்கைத் தொடாமலே சக்கரம் திரும்பும். பம்ப் ஸ்டீர் என்பது இதுதான்.

அவரிடம் சொன்னேன். மறைக்கவில்லை. அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

முன்னால் மாட்டியிருந்தது 90/10 ஷாக் அப்சார்பர். மேலே எழும்ப லேசாக விடும், கீழே இறங்கச் சீக்கிரம் விடாது. எடை பின் சக்கரத்துக்குப் போய்ப் பிடி கிடைக்கட்டும் என்றுதான் அதைப் போடுவார்கள். அப்படியென்றால் கிளம்பிய பிறகும் கொஞ்ச தூரம் மூக்கு மேலேயேதான் இருக்கும். நான் பார்த்துப் பார்த்து வைத்த 3 மி.மீ. அந்தத் தூரத்துக்குக் கிடையாது. இது தெரிந்த வாய்தான் ஆமாண்ணே என்றது.

மறுநாள் காலையில் ரேஸ். டை ராட் முனையின் உயரத்தை மாற்றி, ஒவ்வொரு உயரத்திலும் அளந்து சரிசெய்ய ராத்திரி போதாது, பார்ட்ஸும் கையில் இல்லை. இது உண்மை. ஆனால் முன்பக்கம் ஒரு அளவுக்கு மேல் எழும்பாமல் ஸ்ட்ராப் போட்டுக் கட்ட அவ்வளவு நேரம் ஆகாது, அதுவும் உண்மை. கிளம்பும் வேகம் குறையும், ஒத்துக்கொள்ள மாட்டார் என்று நானே அவருக்காக முடிவு செய்துவிட்டேன். கேட்டிருந்தால் சரி என்றிருப்பாரோ என்னவோ. கேட்கவே இல்லையே.

மூன்றாவது ஓட்டத்தில், இரண்டாம் கியர் விழுந்து மூக்கு இறங்கும் நேரத்தில் வண்டி இடது பக்கம் வெட்டியது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டார், வண்டி தன் லேன் கோட்டைத் தாண்டவில்லை. திரும்பி வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, "டிராக்ல பிடிப்பே இல்ல தம்பி, உன் வேலை பக்காவா இருக்கு" என்றார்.

டிராக்காகவும் இருக்கலாம். அன்றைக்கு வேறு இரண்டு வண்டிகளும் அதே இடத்தில் ஆடின, நானே பார்த்தேன். பின் டயர் பிடி விட்டாலும் வண்டி அப்படித்தான் வெட்டும். அதனால் என்னுடைய 6 மி.மீ.தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அவர் அப்படிச் சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது சங்கடமாக இருக்கிறது.

அவரிடம் கொடுத்த அளவுச் சீட்டில் வண்டி நிற்கும் உயரத்துக்கான எண்கள் மட்டும்தான் இருந்தன. அடுத்த மாதம் வண்டி மறுபடி வருகிறது. 75 மி.மீ. கணக்கை எழுதிய சீட்டு இன்னும் என் டூல் பாக்ஸில் கிடக்கிறது.