பழைய பெர்மிட்டில் ஓடிய விண்கலம்

'வியர்டு சயின்ஸ்' என்ற அமெரிக்க அறிவியல் புனைகதை காமிக்ஸின் முதல் இதழ் 1950-ல் வந்தது, ஆனால் அட்டையில் எண் 12 என்று இருக்கும். முந்தைய 11 எங்கே? கௌபாய், காதல் என்று வேறு பெயர்களில் வந்து முடிந்துபோனவை அவை. புதுப் பத்திரிகை என்று சொன்னால் தபால் சலுகைக்கு மறுபடியும் பணம் கட்ட வேண்டும், அதனால் எண்ணை மாற்றாமல் பெயரை மட்டும் மாற்றிவிட்டார்கள். பழைய பெர்மிட்டில் புது பஸ் விடுகிற கதைதான், நம்ம ஈரோட்டுப் பக்கம் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தபால் துறை விழித்துக்கொண்டதும் 15-க்கு அடுத்த இதழ் 5 ஆகிவிட்டது! கூடவே வந்த 'வியர்டு ஃபேன்டஸி'யிலும் இதே கூத்து.

நடத்தியது இ.சி. காமிக்ஸ். முதலாளி வில்லியம் கெய்ன்ஸ், எழுத்தும் எடிட்டிங்கும் ஆல் ஃபெல்ட்ஸ்டீன். இதழுக்கு நான்கு கதைகள். காமிக்ஸ் ஹீரோ இரும்புக்கை மாயாவி எப்படியும் தப்பிவிடுவார் என்று தெரிந்தே படித்து வளர்ந்த எனக்கு இதில் ஒருத்தருக்கும் உத்தரவாதம் இல்லை என்பதுதான் பெரிய கிக். அப்புறம் வாலி வுட் வரைந்த விண்கலத்தின் உட்புறம்: குழாய், டயல், ஒயர் என்று விரல் வைக்க இடமில்லாமல் நெருக்கியடித்திருக்கும், வசனத்தை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கலாம்.

அறிவியல் புனைகதை எழுத்தாளர் ரே பிராட்பரியின் இரண்டு கதைகளைக் கேட்காமலே ஒன்றாக்கிப் போட்டார்கள். அவர் சண்டைக்கு வரவில்லை, 50 டாலர் இன்னும் வந்து சேரவில்லை, மறந்திருப்பீர்கள் என்று கடிதம் போட்டார். பணம் போனது, பிறகு அவர் சம்மதத்தோடே நிறையக் கதைகள் வந்தன. மனுஷன்!

ஆனால் நான் சொல்ல வந்தது 1953-ல் ஜோ ஆர்லாண்டோ வரைந்த 'ஜட்ஜ்மென்ட் டே'. ரோபோக்களின் கிரகத்தை அண்டக் குடியரசில் சேர்க்கலாமா என்று பார்க்கப் பூமியிலிருந்து ஒரு ஆய்வாளர் வருகிறார். ஆரஞ்சு ரோபோவும் நீல ரோபோவும் உள்ளே ஒரே பாகங்கள்தான், மேலே போர்த்தும் தகட்டில் மட்டும் நிறம் வேறு. ஆனாலும் நீலத்துக்குத் தனிக் குடியிருப்பு, பஸ்ஸில் பின்பக்கம். எங்க ஊர்ப் பக்கம் டீக்கடையில் ஒருத்தருக்கு சில்வர் டம்ளர், இன்னொருத்தருக்குக் கொட்டாங்குச்சி என்று இருந்ததை அப்பா சொல்லக் கேட்டவனுக்கு இதில் விண்வெளி எங்கே இருக்கிறது? (பேப்பர் கப் வந்தபோது, தனி டம்ளர் வைக்கிற சங்கடம்கூட இல்லாமல் போனது சிலருக்கு வசதி.) இன்னும் உங்களுக்குத் தகுதி வரவில்லை என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் கிளம்புகிறார், கலத்தில் ஹெல்மெட்டைக் கழற்றுகிறார், பார்த்தால் கறுப்பு மனிதர். நெற்றியில் வியர்வைத் துளிகள்.

விற்பனை என்னவோ சுமார்தான், திகில் காமிக்ஸில் வந்த காசுதான் இதையும் தாங்கியது. 1954-ல் சயின்ஸ், ஃபேன்டஸி இரண்டு பத்திரிகைகளையும் ஒன்றாக்கி 'வியர்டு சயின்ஸ்-ஃபேன்டஸி' என்றார்கள். அதே வருஷம் காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று அமெரிக்க செனட் விசாரணை, அதையொட்டி காமிக்ஸ் கோடு என்ற தணிக்கை. திகில் போயிற்று. இந்த அறிவியல் இதழோ 'இன்க்ரெடிபிள் சயின்ஸ் ஃபிக்‌ஷன்' என்று பெயர் மாறி நான்கு இதழ் தாக்குப்பிடித்தது.

கடைசி இதழுக்கு ஒரு கதை தணிக்கையில் நிற்க, அந்த இடத்தில் 'ஜட்ஜ்மென்ட் டே'யை மறுபடி போட்டார்கள். ஆய்வாளர் கறுப்பராக இருக்கக் கூடாது என்றது தணிக்கை. கதையே அதுதானே! சண்டைக்குப் பிறகு, சரி, வியர்வையையாவது எடுங்கள் என்றார்களாம். கெய்ன்ஸ் ஒரு துளியைக்கூட எடுக்கவில்லை. 1956-ன் தொடக்கத்தில் அப்படியே அச்சாகி வந்தது, அதோடு காமிக்ஸ் புத்தகம் போடுவதையே நிறுத்திவிட்டு 'மேட்' என்ற நகைச்சுவைப் பத்திரிகையோடு நின்றுகொண்டார்.