கூழ் குடிச்சிட்டு ஆர்சனிக் ரெஸ்ற்றுக்குப் போன கதை

தோல் கடிக்கு எண்டு ஒரு நாட்டு வைத்தியரிட்ட ரெண்டு மாசம் செந்தூரம் எடுத்தனான். அரிதாரம் சேர்ந்தது எண்டு அவரே பெருமையாச் சொன்னவர், அரிதாரம் எண்டா ஆர்சனிக்கும் கந்தகமும் எண்டு எனக்கு அப்ப ஆர் சொன்னது. கால் விறைக்கத் தொடங்கினாப் பிறகுதான் யாழ்ப்பாணத்தில ஒரு டொக்டரிட்ட போனன், மருந்துச் சரையைப் பாத்த கையோட நிப்பாட்டச் சொல்லிப்போட்டு சலத்தில ஆர்சனிக் பாக்க எழுதித் தந்தார்.

றிப்போட் வந்த அண்டைக்கு வீடு செத்தவீடு மாதிரி. டொக்டர் எண்ணைப் பாத்திட்டு, "முதல் நாள் என்ன சாப்பிட்டனீங்கள்?" எண்டார். ஒடியல் கூழ். நண்டு, றால், திருக்கை எல்லாம் போட்டு ரெண்டு பிளா. மனுசன் சிரிச்சுப்போட்டார். கடல் சாப்பாட்டில இருக்கிறது பெரும்பாலும் ஆர்சனோபீட்டேன் எண்ட வகையாம், உடம்பில தங்காமல் அப்பிடியே சலத்தோட போயிடும், நஞ்சில்லை, ஆனா மொத்தமா அளக்கிற ரெஸ்ற்றுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. போத்தலைத் தந்த லாப் பெடியன் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்!

அஞ்சு நாள் மீன் வாசமில்லாமல் கிடந்து, பேந்து வகை பிரிச்சுப் பாக்கிற ரெஸ்ற். எண் விழுந்திட்டுது, எண்டாலும் நஞ்சு வகையும் கொஞ்சம் கிடந்தது, இரத்தத்தில ஃபோலேற் எண்ட பி வகை விற்றமினும் குறைவு.

ஈரல் ஆர்சனிக்கில மெதைல் எண்ட சின்னத் துண்டை ஒட்டி ஒட்டித்தான் சலத்தில தள்ளுதாம், ஒண்டோட அரைகுறையா நிண்டாக் கூடாது, ரெண்டு ஒட்டினா லேசாப் போகும், அந்தத் துண்டு கிடைக்க ஃபோலேற்றும் பி12ம் வேணும். பங்களாதேசில கிணத்துத் தண்ணியால ஆர்சனிக் ஏறின, ஃபோலேற் குறைஞ்ச ஆக்களுக்கு நாளுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அசிட் (ஃபோலேற்றின்ர குளிசை வடிவம்) 12 கிழமை குடுக்க இரத்தத்தில ஆர்சனிக் 14 வீதமளவு குறைஞ்சதா 2007ல எழுதியிருக்கினம். அதுக்காக எல்லாரும் குளிசை விழுங்க வேண்டாம், எனக்குக் குறைவு எண்டபடியால்தான் தந்தவர், முதல்ல செந்தூரத்தை விட்டதுதான் பெரிய மருந்து எண்டார்.

மிச்சம் அம்மான்ர பொறுப்பு. முருங்கையிலை வறை, பயறு, முட்டை. இலையைக் கறுக்கக் கறுக்க அவிச்சா ஃபோலேற் போயிடும் எண்டு சொல்லி இன்னும் சண்டை. நிறையத் தண்ணியில அவிச்சு வடிச்சா அரிசியில இருக்கிற ஆர்சனிக்கும் கொஞ்சம் போகுமாம், நாங்கள் எப்பவும் வடிக்கிறதுதான், என்ன, அந்தக் கஞ்சியை உப்புப் போட்டுக் குடிக்கிறதும் நான்தான்.

அடுத்த ரெஸ்ற் மூண்டு மாசத்தில. அதுக்கு முதல் அஞ்சு நாளையும் கலண்டரில வட்டம் போட்டாச்சு, கூழ் அதுக்கு முந்தின ஞாயிறு.