பேஸ்மென்ட்டுக்கு வந்த நோட்டீஸ்

2023 ஜனவரியில் ஒரு காலை. துணி துவைக்கத் தரைக்குக் கீழே இருக்கும் பேஸ்மென்ட்டுக்குப் போன அம்மா பாதிப் படியிலேயே நின்று, "தரையெல்லாம் ஈரமா இருக்கும்மா" என்று குரல் கொடுத்தாள். வாட்டர் ஹீட்டர் அடியில் துருப்பிடித்து ஒழுகிக்கொண்டிருந்தது. அன்றைக்கே பிளம்பர் வந்து புதியது மாட்டினார். அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் நியூ ஜெர்சியில் வாட்டர் ஹீட்டர் மாற்றவும் பெர்மிட் வேண்டும். அதையும் அவரே எடுத்தார். ஊர் நிர்வாகமான டவுன்ஷிப்பிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து ஒப்புதல் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டியதுதான் பாக்கி.

ஹீட்டர் இருக்கும் மூலைக்குப் போக அம்மாவின் அறையைத் தாண்டித்தான் போக வேண்டும். கட்டில், ஜபமாலை, தைலப் புட்டி, கும்பகோணத்திலிருந்து வந்த இரண்டு பெட்டிகள். அம்மா வந்தால் ஆறு மாதம் அங்கேதான் இருப்பாள். முழங்கால் வலிக்காரிக்குக் கீழேயே குளியலறை இருப்பது வசதி என்று நாங்கள்தான் அந்த அறையைக் கொடுத்திருந்தோம். இன்ஸ்பெக்டர் ஹீட்டரைப் பார்த்து முடித்தார். திரும்பும்போது கட்டிலருகே நின்று இரண்டே கேள்விகள் கேட்டார். இங்கே யாராவது தூங்குகிறார்களா? அந்த ஜன்னல் எவ்வளவு திறக்கும்?

கூரையை ஒட்டி இருந்த சின்ன ஜன்னல் அது. மேல்பக்கம் கொஞ்சம் சாய்ந்து திறக்கும். பூனை போகலாம், மனிதர் போக முடியாது.

இரண்டு வாரத்தில் பதிவுத் தபால் வந்தது. விதிமீறல் நோட்டீஸ். பெர்மிட் இல்லாமல் பேஸ்மென்ட்டில் அறை, குளியலறை, மின்வேலை செய்யப்பட்டிருக்கிறது, குறிப்பிட்ட தேதிக்குள் சரிசெய்யவும் என்று. பெர்மிட் இல்லாமல் வேலை செய்தால் 2,000 டாலர் வரை அபராதம் போட முடியும் என்று படித்ததும் எனக்குக் கை நடுங்கியது. நாங்கள் ஒரு ஆணிகூட அடிக்கவில்லையே! 2019-இல் வாங்கும்போதே பேஸ்மென்ட் அப்படித்தான் இருந்தது. விளம்பரத்திலேயே 'ஃபினிஷ்டு பேஸ்மென்ட்', அதாவது புழங்கத் தயாரான பேஸ்மென்ட் என்று போட்டிருந்தார்கள்.

"யாரோ கட்டினதுக்கு நாம ஏன் பொறுப்பு?" என்று கணவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் மீறல் கட்டடத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. இன்று யார் பெயரில் வீடு இருக்கிறதோ அவர்தான் சரிசெய்ய வேண்டும். வீடு வாங்கும்போது புகை அலாரம், கார்பன் மோனாக்சைடு அலாரம், தீயணைப்பான் இருக்கிறதா என்று பார்த்து ஒரு சான்றிதழ் தருவார்கள். டவுன்ஷிப் வந்து பார்த்து எல்லாம் சரி என்று சொல்லிவிட்டது என அந்தத் தாளை வைத்துத்தான் நான் நம்பியிருந்தேன். அது பார்ப்பது அந்த மூன்றை மட்டுமே. சுவருக்குள் என்ன வயர் ஓடுகிறது என்று அது பார்ப்பதில்லை.

நண்பர்களிடம் கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். கட்டிலைத் தூக்கிவிட்டு ஸ்டோர் ரூம் என்று சொல்லிவிடு என்றார் ஒருவர். விற்கும்போது பார்த்துக்கொள்ளலாம், இப்போது பதிலே போடாதே என்றார் இன்னொருவர். இரண்டும் தப்பு. இதை அழுத்திச் சொல்லத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன். நோட்டீஸில் மேல்முறையீட்டுக்கு 15 நாள் என்று இருக்கிறது. அந்த நாட்கள் போனால் வாதாடும் வழி அடைபட்டுவிடும். பேசாமல் இருக்க இருக்க அபராதம் ஏறும் வாய்ப்புதான் கூடும்.

நான் மூன்றாம் நாளே நோட்டீஸை எடுத்துக்கொண்டு டவுன்ஷிப் அலுவலகத்துக்கு நேரில் போனேன். போனில் பேசியிருந்தால் இவ்வளவு கிடைத்திருக்காது. கவுண்டரில் இருந்த அம்மாள் நோட்டீஸைப் படித்துவிட்டு, "நீங்கள் மேல்முறையீடு செய்யப்போகிறீர்களா, பெர்மிட் எடுக்கப்போகிறீர்களா?" என்று கேட்டார். பெர்மிட் என்றேன். ஒரு மஞ்சள் ஃபோல்டரை எடுத்து எதிரே வைத்தார். கட்டடம், மின்சாரம், பிளம்பிங், தீ பாதுகாப்பு, நான்குக்கும் தனித்தனிப் படிவம். விண்ணப்பம் உள்ளே வந்துவிட்டால் நோட்டீஸில் உள்ள தேதியைத் தள்ளித்தர அதிகாரியிடம் கேட்கலாம் என்றும் அவரே சொன்னார். கேட்டேன், தந்தார்கள். வேலை நாங்கள் வாங்குவதற்கு முன்பே நடந்தது என்பதற்குப் பழைய விளம்பரப் படங்களையும் வைத்தேன். எங்கள் மேல் அபராதம் போடவில்லை.

அன்றைக்கே இன்னொன்றும் செய்தேன். பொது ஆவணச் சட்டத்தின்படி எங்கள் வீட்டு முகவரியில் இதுவரை எடுத்த எல்லா பெர்மிட்டுகளின் நகலையும் கேட்டு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஓப்ரா என்று இங்கே சொல்வார்கள். ஏழு வேலை நாளில் பதில் தர வேண்டும், தந்தார்கள். 1984-இல் வீடு கட்டியது, பிறகு டெக் என்கிற வெளி மரத்தளம், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ், கூரை. எல்லாவற்றுக்கும் பெர்மிட் இருந்தது, பேஸ்மென்ட்டுக்கு மட்டும் இல்லை. 2019-இல் வாங்கும் முன்பே இந்த ஒரு பக்கத்தை எழுதிக் கொடுத்திருக்கலாம். வீடு பார்த்துக்கொண்டிருக்கும் எல்லோரிடமும் இப்போது இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

வரைபடத்துக்கு ஆர்க்கிடெக்ட் வேண்டியிருக்கவில்லை. நியூ ஜெர்சியில் தான் குடியிருக்கும் தனிவீட்டுக்கு உரிமையாளரே வரையலாம். நானும் மகளும் டேப் பிடித்து அளந்து, கட்டம் போட்ட தாளில் கால் அங்குலம் ஒரு அடி என்ற கணக்கில் வரைந்தோம். பரிசீலனைக்கு 20 வேலை நாள். முதல் தடவை திரும்பி வந்தது. புகை அலாரங்கள் எங்கே, அவை ஒன்றோடொன்று இணைக்கப்பட்டவையா என்று நான் காட்டவில்லை. கீழே புகை வந்தால் மேலே படுத்திருப்பவர் காதிலும் அலாரம் விழ வேண்டும், மேலே வந்தால் கீழேயும். ஜன்னலின் திறப்பு அளவையும் எழுதச் சொன்னார்கள்.

அந்த ஜன்னல்தான் பெரிய செலவு. தூங்கும் அறை என்றால், படிக்கட்டு அடைபட்டாலும் நேராக வெளியே போக ஒரு வழி வேண்டும். எங்களுக்குச் சொன்ன அளவு: திறந்தால் 5.7 சதுர அடி இடைவெளி, அகலம் 20 அங்குலத்துக்குக் குறையக்கூடாது, உயரம் 24-க்குக் குறையக்கூடாது, தரையிலிருந்து ஜன்னலின் அடிவிளிம்பு 44 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. இதில் பலர் ஏமாறுகிறார்கள். 20-க்கு 24 என்று வாங்கினால் 3.3 சதுர அடிதான் வரும். நான்கு கணக்கும் ஒரே ஜன்னலில் பொருந்த வேண்டும். கதவு போலத் திறக்கும் கேஸ்மென்ட் வகைதான் எங்கள் சுவருக்குச் சரிப்பட்டது. அதற்கு அஸ்திவாரச் சுவரை அறுக்க வேண்டும், வெளியே மண்ணைத் தோண்டித் தொட்டி போலக் கட்ட வேண்டும், அது 44 அங்குலத்துக்கு மேல் ஆழம் என்றால் நிரந்தர ஏணியும் பொருத்த வேண்டும். எல்லாம் சேர்த்து 6,800 டாலர் என்றார் கான்ட்ராக்டர்.

அம்மா அதை ரூபாயாக்கிப் பார்த்துவிட்டாள். "ஒரு ஜன்னலுக்கு அஞ்சரை லட்சமா? ஹால்லயே படுத்துக்கறேன், விடு. ஊர்ல மாடி ரூம் கட்டினப்ப அப்பா யாரைக் கேட்டார்?"

நான் வரைபடத்தை மேஜையில் விரித்துக் காட்டினேன். இது படிக்கட்டு, இது ஃபர்னஸ், இது ஹீட்டர், இது உன் கட்டில். ஃபர்னஸும் படிக்கட்டும் ஒரே பக்கம். அங்கே தீப்பிடித்தால் நீ எந்த வழியாக வருவாய்?

அம்மா தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கும்பகோணத்தில் முப்பது வருடம் ஆசிரியையாக இருந்தவள் அவள். 2004 ஜூலை 16 அன்று எங்கள் ஊரில் ஒரு பள்ளியில் தீப்பிடித்து 94 குழந்தைகள் போனார்கள். மதிய உணவு சமைத்த இடத்திலிருந்து கீற்றுக் கூரைக்குத் தீ தாவியது. மாடியிலிருந்து இறங்கக் குறுகலான ஒரு படிக்கட்டு. அம்மா வேறு பள்ளியில் இருந்தாள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் அதிகம் பேசியதில்லை.

"வழியில்லாமதானே..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். பிறகு, "போடச் சொல்லு" என்றாள். அன்றிரவே அம்மாவின் கட்டிலை மேலே மகள் அறைக்கு மாற்றினோம். ஏப்ரலில் ஊருக்குப் போகும்வரை அங்கேதான் படுத்தாள்.

ஏப்ரல் கடைசியில் பெர்மிட் கைக்கு வந்தது. அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. மூடிய சுவருக்குள் இருப்பதை இன்ஸ்பெக்டர் பார்க்க வேண்டும் என்பதால் பல இடங்களில் ஷீட்ராக் என்கிற சுவர்ப் பலகையை வெட்டித் திறந்தோம். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் ஒவ்வொன்றாகக் காட்டினார். கூரைக்குள் வயர்களை இணைக்கும் ஜங்ஷன் பாக்ஸ் ஒன்று, மூடியே இல்லாமல். அதைவிட மோசம், குளியலறை மின்விசிறிக்குச் சுவருக்குள்ளேயே சாதாரண எக்ஸ்டென்ஷன் கார்டை வெட்டி இணைத்திருந்தார்கள். அதன் உறை ஓரிடத்தில் பழுப்பாகிக் கருகியிருந்தது. அம்மாவின் தலைமாட்டிலிருந்து நான்கடி தூரம். நான்கு குளிர்காலம் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறாள். நான் அங்கேயே கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

மின்வேலை முழுவதும் புதிதாகப் போட்டோம். குளியலறைக் கழிவுநீர்க் குழாய்க்குக் காற்றுக்குழாயே இல்லை, அதையும் சேர்த்தோம். தோண்டும் முன், மண்ணுக்கடியில் குழாயும் வயரும் எங்கே போகின்றன என்று குறித்துத் தர 811-க்குப் போன் செய்ய வேண்டும். செலவில்லை, ஆனால் மூன்று வேலை நாளாவது முன்னதாகச் சொல்ல வேண்டும். வந்து புல்மேல் வண்ணம் தெளித்துவிட்டுப் போனார்கள்: எரிவாயுவுக்கு மஞ்சள், மின்சாரத்துக்குச் சிவப்பு, தண்ணீருக்கு நீலம். மஞ்சள் கோடு நாங்கள் தோண்ட நினைத்த இடத்துக்கு மிக அருகே போனதால் ஜன்னலை இரண்டடி தள்ளினோம். திருத்திய வரைபடத்தைக் கொடுத்த பிறகுதான் மண்வெட்டி எடுத்தார்கள். தொட்டியில் மழைநீர் தேங்கக்கூடாது என்று அடியில் சரளை போட்டு வடிகாலோடு இணைக்கச் சொன்னேன். 2021 செப்டம்பர் 1 ராத்திரி ஐடா புயலின் மழையில் நியூயார்க்கில் பேஸ்மென்ட் வீடுகளில் தண்ணீர் புகுந்து இறந்தவர்களை இங்கே யாரும் மறக்கவில்லை.

ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனி இன்ஸ்பெக்‌ஷன். சுவரை மூடும் முன் கூப்பிட வேண்டும், இது முக்கியம். அவசரப்பட்டு மூடினால் மறுபடி உடைக்கச் சொல்வார்கள். கடைசி நாள் வந்தவர் ஹீட்டரைப் பார்க்க வந்த அதே இன்ஸ்பெக்டர். ஜன்னலைத் திறக்கச் சொன்னார். என் மகள் திறந்து, ஏணியில் ஏறி, தோட்டத்தில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். ஆகஸ்டில் ஒப்புதல் சான்றிதழ் வந்தது, நோட்டீஸும் முடிந்தது. ஜன்னல், மின்சாரம், பிளம்பிங், கட்டணம் எல்லாம் சேர்த்து 17,000 டாலருக்குக் கொஞ்சம் மேல். அக்டோபரில் சொத்து வரிக்குக் கூடுதல் மதிப்பீட்டு பில்லும் வந்தது. குளியலறை இப்போது கணக்கில் ஏறிவிட்டதே, கட்டினோம்.

அம்மா மறுபடி வந்தது 2024 மே மாதம். வருவதற்கு முன் போனில் ஜன்னலின் அளவைக் கேட்டு எழுதிக்கொண்டாள். பெட்டியில் புளியும் கருவடாமும் எடுத்துவிட்டு, அடியிலிருந்து சுங்குடித் துணியில் தைத்த திரைச்சீலை ஒன்றை எடுத்தாள். நான் சொன்ன அளவைவிட ஒரு சாண் குட்டையாக இருந்தது. டெய்லர் தப்பாகத் தைத்துவிட்டாரா என்று கேட்டேன்.

"நான்தான் குறைக்கச் சொன்னேன். இருட்டுல கைய வெச்சா கைப்பிடி தட்டுப்படணும்" என்றாள்.