பென்சில்வேனியா எண்ணிக்கொண்டிருக்கிறது

அக்டோபர் 29, 2020

அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலுக்குப் பென்சில்வேனியாவில் தபால் ஓட்டு கேட்டு மனு போட்டவர்கள் சுமார் 30 லட்சம் பேர். ஆனால் தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன்னால் ஒரு உறையைக்கூடப் பிரிக்கக் கூடாது என்கிறது இந்த மாநிலச் சட்டம். பைடன் ஆட்கள் பெரும்பாலும் தபாலில், டிரம்ப் ஆட்கள் நேரில். நேரில் போட்டது முதலில் வரும், அதனால் செவ்வாய் இரவு டிரம்ப் முந்துவார், தபால் ஓட்டை எண்ண எண்ண அது கரையும். கரையும்போது என்ன சொல்வார்கள்? அதை நினைத்துத்தான் பயம்.

நவம்பர் 1

கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியாயிற்று. இரவு இன்னும் நீண்டுவிட்டது.

நவம்பர் 3, நள்ளிரவு தாண்டி

காலை ஆறரைக்கே தீயணைப்பு நிலையக் கூடத்தில் எங்கள் வாக்குச்சாவடிக்கு மேசை போட்டாயிற்று. கதவு திறக்கும் முன் எல்லோரும் பிரமாணம் எடுத்தோம். சாவடிப் பொறுப்பாளர் குடியரசுக் கட்சி, வியட்நாம் போருக்குப் போய் வந்தவர். என் பக்கத்தில் கையெழுத்து வாங்கிய அம்மாள் ஜனநாயகக் கட்சி, ஓய்வுபெற்ற ஆசிரியை. மத்தியானம் அந்த அம்மாள் சுட்டு வந்த பூசணி ரொட்டியை இருவரும் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுத் தின்றார்கள். பேச்சு முழுக்க முழங்கால் வலி.

எட்டு மணிக்குச் சாவடி மூடியதும் எந்திரக் கணக்கும் கையெழுத்துக் கணக்கும் இடித்தன. ஒரே ஒரு ஓட்டு. எனக்கோ பசி, தூக்கம். பொறுப்பாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெயரேட்டின் முதல் பக்கத்திலிருந்து விரல் வைத்து எண்ணத் தொடங்கினார். அந்த அம்மாள் எதிரே உட்கார்ந்து கோடு போட்டுக்கொண்டே வந்தார். 'கே' வரிசையில் இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. நகத்தால் பிரித்தார். உள்ளே ஒரு கையெழுத்து. "இதோ இருக்கிறார்" என்றார். கட்சி பார்க்காமல் அத்தனை பேரும் முடிவுச் சீட்டில் கையெழுத்துப் போட்டோம். ஒரு பிரதியைக் கதவில் ஒட்டினார்.

அந்த விரலை மறக்க முடியவில்லை.

நவம்பர் 4

எண்ணி முடிக்கவே இல்லை, அதற்குள் மோசடி என்கிறார் ஜனாதிபதி டிரம்ப்.

நவம்பர் 5

அம்மா போனில்: "ஏம்ப்பா, இன்னுமா எண்றாங்க? போன வருஷம் நாங்க ஏப்ரல் 18 ஓட்டுப் போட்டோம், மே 23 எண்ணுனாங்க. அதுவரைக்கும் சோறு தண்ணி எறங்காமயா கெடந்தோம்?"

சரிதான். ஆனால் அங்கே எண்ணும் நாள் ஒன்றுதான், பெரும்பாலும் அன்றைக்கே முடிந்துவிடும். இங்கே நாள்கணக்காகக் கண்ணெதிரே எண் மாறுகிறது. பார்ப்பவனுக்குச் சந்தேகம் முளைக்க அவகாசம் இருக்கிறது.

பிலடெல்பியா மாநாட்டு மையத்தில் எண்ணுவதை நேரலையில் காட்டுகிறார்கள். உறை, உள்ளுறை, சீட்டு. உறை, உள்ளுறை, சீட்டு. அதிகாலை மூன்று மணிவரை பார்த்தேன்.

நவம்பர் 7

பைடன் ஜெயித்ததாகப் பதினொன்றரைக்கு முன்னால் டிவியில் அறிவித்துவிட்டார்கள். தெருவில் ஹாரன் சத்தம், இரண்டு வீடு தள்ளி ஜன்னலெல்லாம் மூடியிருக்கிறது. எங்கள் நார்த்தாம்ப்டன் கவுண்டி (மாவட்டம் மாதிரி) 2008, 2012இல் ஒபாமா, 2016இல் டிரம்ப், இப்போது மயிரிழையில் பைடன். இதே ஜனங்கள்தான்.

நவம்பர் 10

பொறுப்பாளரைக் கடைவாசலில் பார்த்தேன். "நம்ம சாவடியில் ஒரு குறையும் கிடையாது. திருட்டு நடந்தது பிலடெல்பியாவில்" என்றார். நேரலை பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்க்கவில்லை.

கோபம் அடங்கவே மாட்டேன் என்கிறது. ஒரு கையெழுத்துக்காக ஏடு முழுவதையும் புரட்டிய மனிதர் அவர். அங்கே மேசையில் இருப்பவர்களும் அதே பொறுப்பில்தானே உட்கார்ந்திருக்கிறார்கள்? அந்த நகரத் தேர்தல் ஆணையர் மூவரில் ஒருவரான ஆல் ஷ்மிட் குடியரசுக் கட்சிக்காரர், பொறுப்பாளரின் சொந்தக் கட்சி. அந்த அலுவலகத்துக்குக் கொலை மிரட்டல் வருகிறதாம். தான் பார்த்த எண்ணிக்கையை எல்லோரும் நம்புகிறார்கள். பார்க்காத ஊரில்தான் திருடர்கள் இருக்கிறார்கள். டிரம்ப் பக்கத்துக் கிராமங்களைப் பற்றி எங்கள் நண்பர்கள் பேசுவதும் ஏறக்குறைய இப்படித்தான். அதுவும் எரிச்சலாக இருக்கிறது.

நவம்பர் 11

தூக்கமில்லை.

நவம்பர் 24

மாநிலம் முடிவுக்குச் சான்று கொடுத்துவிட்டது. வித்தியாசம் 80,000க்குக் கொஞ்சம் அதிகம். 2000இல் ஜனாதிபதி யார் என்பதையே முடிவு செய்த புளோரிடாவில் வித்தியாசம் வெறும் 537 ஓட்டு. வழக்கெல்லாம் முடிந்ததும் தீர்ப்பு பிடிக்கவில்லை, ஆனாலும் ஏற்கிறேன் என்று தோற்ற ஜனநாயகக் கட்சி வேட்பாளர் அல் கோர் ஒதுங்கினார். அன்றைக்கு அவர் பக்கம் ஓட்டுப் போட்டவர்களுக்கு வயிறு எரியாமலா இருந்திருக்கும்?

டிசம்பர் 14

ஜனாதிபதியை முறைப்படி தேர்ந்தெடுக்கும் எங்கள் மாநிலப் பிரதிநிதிகள் 20 பேரும் தலைநகர் ஹாரிஸ்பர்க்கில் இன்று நண்பகல் ஓட்டுப் போட்டுவிட்டார்கள். டிரம்ப் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஜனவரி 6இல் காங்கிரஸ், அதாவது இந்நாட்டு நாடாளுமன்றம், இந்த ஓட்டுகளை எண்ண வேண்டும்.

பொறுப்பாளர் போன் செய்தார். மே மாதத் தேர்தலுக்குச் சாவடிக்கு வருவாயா என்று கேட்டார். வருகிறேன் என்றேன். அடுத்த முறை பிலடெல்பியாவுக்கு இருவரும் போய் எண்ணுவதை நேரில் பார்க்கலாமா என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றார்.