எந்த வகைப் புற்று என்று கேட்டு வாங்குங்கள்

அம்மாவுக்கு வலியே இருக்கவில்லை. வயிற்றெரிவுக்கு ஒரு தனியார் இடத்தில் ஸ்கேன் எடுத்தபோது, வலது சிறுநீரகத்தில் நீர்க்கட்டி, பயப்படத் தேவையில்லை என்று அனுப்பிவிட்டார்கள். நாங்களும் நம்பி நாலு மாதம் விட்டுவிட்டோம், அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. ஒருநாள் சலம் சாயத்தேத்தண்ணி நிறத்தில் போன பிறகுதான் ஆரையம்பதியிலிருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு ஓடினோம்.

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, படம் தெளிவாகத் தெரிய மருந்து ஏற்றி சீரி ஸ்கேன் எடுத்தார்கள். நீர்க்கட்டி இல்லை, 6 சென்ரிமீற்றரில் திடமான கட்டி. ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்கலாமே என்று கேட்டேன். ஒன்கோசைட்டோமா என்று தீங்கில்லாத கட்டி ஒன்று இருக்கிறது, அதையும் சிலவகைப் புற்றையும் ஊசியில் வரும் துணுக்கை வைத்துப் பிரிப்பது கஷ்டம், எடுத்துப் பார்ப்பதுதான் சரி என்று டொக்டர் படம் கீறி விளங்கப்படுத்தினார். கட்டி நடுவில் இருந்ததால் சிறுநீரகத்தையே எடுக்க வேண்டி வந்தது. அம்மா கேட்டது ஒன்றுதான்: "மகள், மற்றது வேலை செய்யுமா?" செய்கிறது.

முதல் ரிப்போட்டில் சிறுநீரகப் புற்று என்று மட்டும் இருந்தது, வகை இல்லை. புற்றுதானே, உடனே கீமோ கொடுங்கள் என்றார்கள் சொந்தக்காரர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை, வகை தெரியும்வரை காத்திருந்தோம். விசேஷ சாயம் போட்டுப் பார்த்து முடிவு வர ஐந்து வாரம். வகையின் பெயர் குரோமோபோப். சிறுநீரகப் புற்று வந்த 100 பேரில் சுமார் 5 பேருக்குத்தான் இது வரும். கலங்கள் வெளிறி, சுவர் தடித்து, கரு காய்ந்த முந்திரிகை வற்றல் மாதிரிச் சுருங்கியிருக்குமாம். விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் நான், பிள்ளைகளுக்கு வெங்காயத் தோலை நுணுக்குக்காட்டியில் காட்டுவேனே, அந்தச் சுவர்தான் சட்டென்று கண்ணுக்குள் வந்தது. சீகே7 என்ற சாயம் கலங்கள் முழுக்கப் பிடித்திருந்ததால் ஒன்கோசைட்டோமா இல்லை என்றார்கள்.

வெட்டின விளிம்பு சுத்தம், இரத்தக்குழாய்க்குள்ளும் போகவில்லை, அதனால் கீமோவும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. இந்த வகைக்கு வழக்கமான கீமோ பெரிதாகப் பலன் தராது என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். அவசரப்பட்டிருந்தால் அம்மா சும்மா வதைபட்டிருப்பார்! இப்போது குறித்த தவணைக்கு நெஞ்சும் வயிறும் ஸ்கேன், கிரியேட்டினின், பிரஷர். முழங்கால் வலிக்கு முந்தி எடுத்த டைக்குளோபினாக் குளிசை சிறுநீரகத்துக்குக் கூடாது என்பதால் அதை அடியோடு நிறுத்தியாச்சு.

கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் அந்தப் பெயரைச் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன். எந்த டொக்டரிடம் போனாலும் அம்மா முதலில் அந்தப் பக்கத்தைத்தான் விரித்துக் கொடுக்கிறார்.