அண்ணாந்து நிக்காத மக்கா!

நாகர்கோவிலில் இன்று சாயங்காலம் கூடைப்பந்து ஆட்டம். கார்னரிலிருந்து ஷாட் போனதும் அஞ்சு பயலுவளும் அண்ணாந்து நிக்கானுவ. பின்னாலிருந்து வந்தவன் பந்தோடு போயிட்டான்.

ஷாட் அடிப்பவன் கையை விட்டுப் பந்து போனதும் முதலில் நீங்கள் காவல் காக்கும் எதிரணி ஆளைத் தேடுங்கள். முன்கையால் தொட்டு, திரும்பி, முட்டி மடக்கி, இடுப்பால் அவனைப் பின்னால் தேக்க வேண்டும். கையால் பிடித்தால் ஃபவுல்.

ரிங்குக்கு நேர் கீழே நிற்காதீர்கள். அங்கே கூடைக்குள் விழுந்த பந்துதான் கிடைக்கும்!

கார்னர் ஷாட் தவறினால் பெரும்பாலும் எதிர்ப்பக்கம் போகும். தூர ஷாட் தூரமாகத் தெறிக்கும்.

பிடித்ததும் பந்து தாடைக்குக் கீழே, முழங்கைகள் வெளியே. இடுப்புக்கு இறக்கினால் குட்டையன் தட்டிவிடுவான்.

உயரம் இல்லேன்னு புலம்புறவங்களுக்கு: டென்னிஸ் ராட்மேன் 6 அடி 7 அங்குலம், அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கில் அது சாதாரண உயரம். ரீபவுண்டில், அதாவது கூடையில் விழாமல் தெறிக்கும் பந்தைப் பிடிப்பதில், தொடர்ந்து 7 சீசன் அவர்தான் முதலிடம்.