காயாத மணலும் கருடமங்கலத்துக் கல்லும்

கருடமங்கலம் கல் சுண்ணாம்புக்கல்லா, மணற்கல்லா என்று ஆறு வாரமாக இழுத்துக்கொண்டிருந்த கணக்கு நேற்றுக் காலைதான் நேரானது. அந்தக் கல்லை ஆசிட்டில் கரைத்து மீந்த மணல் முந்தின நாள் மாலை 13.1 கிராம், நேற்றுக் காலையும் அதே 13.1 கிராம். தராசை இரண்டு முறை பூஜ்யமாக்கி மறுபடி வைத்துப் பார்த்தேன். மாறவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

எடுத்துக்கொண்ட கற்கள் இரண்டு. ஒன்று அரியலூர்ப் பக்கத்துக் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல். தடித்த சிப்பி ஓடுகள் நிறைந்தது. இன்னொன்று பெரம்பலூர் மாவட்டம் கருடமங்கலத்துக் கல். இரண்டும் டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலக் கடலில் படிந்தவை. கருடமங்கலம் கல் வயதில் மூத்தது. இரண்டும் உடைந்து கிடந்த துண்டுகள், நிலத்துக்காரரிடம் கேட்டு எடுத்தவை. சாத்தனூர் கல்மரம் இருக்கும் பக்கமும் போனேன், ஆனால் அங்கே எதையும் தொடக்கூடாது, தொடவும் இல்லை.

கருடமங்கலத்துக் கல்லிலும் கிளிஞ்சல் இருந்தது, ஒரு சொட்டு ஆசிட்டுக்குப் பொங்கவும் செய்தது. அதனால் அதையும் சுண்ணாம்புக்கல் பெட்டியில்தான் போட்டு வைத்திருந்தேன். அந்த ஊரில் 'திருச்சி மார்பிள்' என்று மெருகேற்றி விற்கப்பட்ட கிளிஞ்சல் சுண்ணாம்புக்கல்லும் உண்டு என்பதால் சந்தேகமே வரவில்லை. லென்ஸில் பார்த்தபோதுதான் உறுத்தியது: கண்ணாடி போல மின்னும் குவார்ட்ஸ் மணிகள் அடர்ந்து கிடந்தன. மணலை ஒட்டிவைத்திருக்கும் பசை, சுண்ணாம்புக்கல்லின் முக்கியக் கனிமமான கல்சைட்டாக இருந்தாலும் கல் பொங்கத்தான் செய்யும். கல்சைட் இருக்கிறது என்று மட்டும்தான் நுரை சொல்லும்; எவ்வளவு என்று சொல்லாது. கரைத்து, மீதியை நிறுத்தால்தான் தெரியும்.

ஒவ்வொன்றிலும் 20 கிராம், பட்டாணி அளவுக்கு உடைத்தது. 20 கிராம் சுத்தமான கல்சைட்டுக்கு 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஏறக்குறைய 150 மில்லி வேண்டும். நான் 200 வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். கல்லங்குறிச்சித் துண்டுகள் மேலிருந்து கரைந்து சிறுத்துக்கொண்டே போய், கடைசியில் பழுப்பு நிறச் சேறு மட்டும் நின்றது. கருடமங்கலத்தின் துண்டுகளோ உருவம் மாறாமல் இருந்து, குச்சியால் தொட்டதும் பொலபொலவென்று மணலாக உதிர்ந்தன. கல்லைப் பிடித்து வைத்திருந்தது அந்தப் பசைதான் என்பதைக் கண்ணால் பார்த்த நிமிஷம் அது.

இதுவரை சுலபம். கழுவுவதில்தான் ஆறு வாரம் போனது.

முதல் முறை ஒரே ஒரு தண்ணீர் விட்டு வடித்து வெயிலில் வைத்தேன். மாலையில் 14.2 கிராம். மறுநாள் காலை 15.1! மணல் விரலில் பிசுபிசுத்தது. காரணம் கால்சியம் குளோரைடு. கல்சைட் கரைந்ததும் உண்டாகும் அந்த உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அது போகாதவரை மணல் காயாது, எடையும் நிற்காது. சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விட்டு, கழுவிய நீர் பால் போல வெளுக்கிறதா என்று பார்ப்பது சரியான வழி. நான் கேட்ட கடையில் சின்ன அளவில் தரவே மாட்டோம் என்றுவிட்டார்கள். பெரிய பாட்டிலின் விலையைக் கேட்டுத் திரும்பிவிட்டேன். நம் போர்வெல் தண்ணீரிலேயே குளோரைடு இருப்பதால் அதற்கு டிஸ்டில்டு வாட்டர் வேறு வேண்டும்.

பிறகு கண்டுபிடித்த வழி இது. பேட்டரி கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரில் கழுவி, வடித்த நீரில் ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் காயவிட வேண்டும். உப்பு இருந்தால் அந்த இடம் காயாமல் ஈரமாகவே நிற்கும். ஆறாவது கழுவலுக்குப் பிறகுதான் கண்ணாடி சுத்தமாகக் காய்ந்தது. அப்போது வந்த எடைதான் 13.1. அதாவது கல்லில் 65 சதவீதத்துக்கு மேல் மணல். சந்தேகமே இல்லாமல் அது மணற்கல். பெட்டி மாற்றியாயிற்று, சீட்டும் மாற்றி எழுதியாயிற்று.

கல்லங்குறிச்சிச் சேறு வேறு விதமாகப் படுத்தியது. முதல் இரண்டு கழுவலில் அது நன்றாக அடியில் தங்கியது. உப்பு குறையக் குறைய களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிந்து தண்ணீரிலேயே மிதக்க ஆரம்பித்தன. வடித்தால் களிமண்ணும் சேர்ந்து போய்விடும். அதற்கு வடிதாள்தான் வழி. தாளை முன்கூட்டியே காயவைத்து நிறுத்துக்கொள்ள மறக்கக்கூடாது. முதல் தடவை 1.4 கிராம் வந்தது. ஆனால் அதற்குள் கொஞ்சம் சேற்றை வடித்துக் கொட்டிவிட்டேன் என்பதால் அந்த எண்ணை ஏட்டில் பென்சிலில்தான் எழுதியிருக்கிறேன். இன்னொரு 20 கிராம் இப்போது மொட்டைமாடியில் கரைந்துகொண்டிருக்கிறது.

அப்புறம், மீந்த மணலை லென்ஸில் பார்க்க ஆரம்பித்ததிலிருந்து மற்ற வேலை ஓடவில்லை. பெரும்பாலும் குவார்ட்ஸ், பல மணிகளுக்கு முனை மழுங்கவே இல்லை. அதிக தூரம் உருண்டு வந்த மணலாகத் தெரியவில்லை. மேற்கே இருக்கும் பழைய நைஸ் (gneiss, குவார்ட்ஸ் உள்ள வரிவரியான கடினப் பாறை) பாறைகள் பக்கத்தில்தானே! ஒரு சிட்டிகையைச் சின்னக் குப்பியில் போட்டுக் கல்லோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

அடுத்தது திருவக்கரைப் பக்கத்தில் கிடைக்கும், 'கடலூர் மணற்கல்' என்று பெயருள்ள கல். இரும்புத் துரு பிடித்த சிவப்பு. அது ஆசிட்டுக்குப் பொங்காது என்று எதிர்பார்க்கிறேன். அப்படியானால் உடைத்து மணியாக்க வேறு வழி பார்க்க வேண்டும். காரைப் பள்ளத்தாக்கின் களிக்கல்லும் ஒரு பொட்டலம் காத்திருக்கிறது. முதலில் மாடியில் இருக்கும் சேறு வடிய வேண்டும், மழை வேறு வரும் போலிருக்கிறது.